நாய் வாந்தியைக் குனிந்து பார்த்தவர்

பழவேற்காட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நான்கு வருடங்களில், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற ஒன்றைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்குகிற மனிதர் ஒருவரைத்தான் பார்த்தேன். ஐஸ் வண்டி பாய். அவருக்குப் பெயர் உண்டு. அவருடைய ஆதார் அட்டையை நானே நாலைந்து தடவை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

மீன்பாடி வண்டியில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, படகுகள் வந்து சேரும் கரைக்கும் மீன் ஏலம் நடக்கும் கொட்டகைக்கும் நடுவில் நாளெல்லாம் மிதித்துக்கொண்டிருப்பார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட கைலி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. ஐஸ் உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும்.

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியபோது நான் அழுதுகொண்டிருந்தேன். கல்யாணமாகி மீஞ்சூரிலிருந்து கணவரின் ஊருக்கு வந்த புதிது. கணவர் காலையில் பைக்கில் பொன்னேரி போய், அங்கே ரயில் பிடித்து, மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுக்க எனக்குத் துணை பன்னுதான். பன்னு, கடை மேஜைக்கு அடியில் தானாக வந்து குடியேறிய செம்பட்டை நாய். பக்கத்து டீக்கடையில் பன் கேட்டு நிற்கும் என்பதால் அந்தப் பெயர். அன்று காலை கடையைத் திறந்ததும், அது முதுகை வளைத்து, வயிற்றை எக்கி, வாசலில் மஞ்சள் நுரையாகக் கக்கிவிட்டது. ரேஷன் கார்டு நகலுக்கு வந்த இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். நான் ஆட்டோவுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா ஆச்சு தங்கச்சி?" என்று வண்டியை நிறுத்தினார்.

"செத்துடப் போவுது பாய். மஞ்சளா வாந்தி எடுக்குது."

அவர் நாயைப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தியைப் பார்த்தார். வேலியோரம் கிடந்த ஒரு குச்சியை எடுத்து நுரையை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார்.

"எத்தினி வாட்டி?"

"ஒரு வாட்டிதான்."

"எடுக்கறதுக்கு முன்னாடி வயித்த எக்கி எக்கி இழுத்துச்சா, இல்ல வாய தொறந்ததும் தானா உழுந்துச்சா?"

"இழுத்துச்சு."

"நேத்து எப்போ சோறு வெச்ச?"

"கடைய சாத்தும்போது. ஆறு மணிக்கு."

"அப்பால?"

"அப்பால ஒண்ணும் இல்ல."

"அப்போ பசிதான். வெறும் வயித்துல பித்தம் மேல வந்துக்குது. வால பாரு, எப்டி ஆட்டுதுனு."

பன்னு உண்மையிலேயே டீக்கடைப் பக்கம் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி படுக்கும்முன் ஒரு கை சோறு வைக்கச் சொன்னார். அத்தோடு போய்விடவில்லை. "மறுபடி மறுபடி எடுத்தா சொல்லு. நெறம் மாறுனா சொல்லு. குடிச்ச தண்ணி கூட தங்கலனா ஒடனே சொல்லு" என்றார். மதியம் காலி வண்டியோடு திரும்பும்போது, நான் சொல்லாமலே நின்று விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகுதான் தெரிந்தது, ஊரில் யார் வீட்டு நாய் கக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று. இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவர் நாய் வளர்த்தவர் இல்லை. நாயைத் தொடவும் மாட்டார். ஐந்து வேளை தொழுகிறவர். நாயின் எச்சில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். அதனால் நாயை ஓர் அடி தள்ளியே வைத்திருப்பார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டுமென்றால் வளர்க்கிறவர்களைத் தூக்கச் சொல்வார்.

"வேக வெச்ச எறா இருக்குதே, அந்த நெறம் இருக்கணும். வெள்ளக் காயிதம் மாதிரி இருந்தா நிக்காத, ஓடு" என்பார்.

கழுத்துத் தோலை இழுத்துவிடச் சொல்வார். விட்டவுடன் படிந்தால் சரி. கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை என்பார். வாந்தி எடுத்த நாய்க்குச் சட்டி நிறையத் தண்ணீர் வைக்கிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "மொடமொடனு குடிச்சுட்டு திரும்ப எடுக்கத்தான் போவுது" என்று சட்டியை நகர்த்தச் சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து ஒரு சின்ன ஐஸ் துண்டை உடைத்துத் தரையில் போடுவார். நாய் அதை நக்கிக்கொண்டே இருக்கும். நக்கினது தங்குகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருடைய கையில் இருந்த ஒரே மருந்து அதுதான்.

ஒரு தடவை ஏரிக்கரையில் கையால் தடவி நண்டு பிடிக்கிற ஒரு அம்மா, கைக்கூடையோடு கடைக்கே ஓடி வந்தார். "நைனா, என் நாயி குட்டிங்க மேலயே வாந்தி எடுக்குது. குட்டிங்க அத துன்னுதுங்க. எனக்கு கொமட்டுது" என்று என் வாசலில் வண்டியோடு நின்ற பாயின் கையைப் பிடித்து இழுத்தார். பாய் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அது வாந்தியே இல்ல தங்கச்சி. ஆத்தாக்காரி மார்க்கெட்ல துன்னுட்டு வந்து குட்டிக்கு ஊட்டுது. குட்டிங்க அது வாயாண்ட போயி முட்டுதுங்க, ஒடனே எடுத்துக் குடுக்குது. இப்பதான் மொத மொறையா கண்ணால பார்த்தேன்."

நாலு நாள் அதைப் பற்றியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற வரைக்கும் பயமில்லை. கேள்வியை நிறுத்திவிட்டால் வண்டி பிடிக்க வேண்டும். இதை நான் இறால் வியாபாரி ஒருவர் வீட்டில் கண்டுகொண்டேன். அவர்கள் வீட்டில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு சீமை நாய். அவர்களுடைய பத்திர நகலைக் கொடுக்கப் போயிருந்தேன்; ஐஸ் இறக்க வந்த பாயும் அங்கே இருந்தார். நாய் மூக்கு முட்டத் தின்றுவிட்டு மொட்டைமாடிக்கும் கீழுக்குமாக ஓடி விளையாடியிருக்கிறது. இப்போது எச்சில் ஒழுக, ஓயாமல் ஓங்கரித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. வியாபாரி நிம்மதியாகத்தான் இருந்தார்.

"வாந்தி ஒண்ணும் வரல பாய். சும்மா காத்துதான். வாந்தி வந்தாதானே பயப்படணும்?"

பாய் நாயின் வயிற்றைப் பார்த்தார். பலூன் மாதிரி ஒரு பக்கம் புடைத்திருந்தது. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வண்டிய எடுங்க" என்றார்.

"இல்ல பாய், கொஞ்ச நேரம் பார்க்கலாம்னு..."

"வராததுதான் பயம். இப்பவே கெளம்புங்க. மெட்ராஸுக்கே போங்க. போறப்பவே போன் போட்டு சொல்லிடுங்க."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். நாயின் இரைப்பை முறுக்கிக்கொண்டிருந்ததாம். அன்றைக்கே அறுவை செய்து காப்பாற்றிவிட்டார்கள். வியாபாரி சந்தோஷத்தில் ஒரு கூடை இறாலைப் பாய் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். பாய்க்கு அது போதவில்லை. நேரிலேயே போய், "எந்தப் பக்கமா முறுக்கிக்கிச்சாம்? டாக்டர் சொன்னாங்களா?" என்று கேட்டார். வியாபாரிக்குத் தெரியவில்லை. "இத்தினி தூரம் போயிட்டு அத கேக்காம வந்துக்குறாரே" என்று ஒரு வாரம் மனம் ஆறாமல் இருந்தார்.

அவர் தவறியதும் உண்டு. என் கடைக்கு எதிர்ச் சந்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், தங்கமணி என்று பெயர், இரண்டு மாதக் குட்டி ஒன்றை ஆசையாக வளர்த்தாள். ஒரு சாயங்காலம் அது ஒரே ஒரு தடவை கக்கியது. பாய் வந்து பார்த்தார். குட்டி அவருடைய கைலி ஓரத்தைக் கடித்து விளையாட வந்தது. ஈறு நல்ல நிறத்தில்தான் இருந்தது. "ஒண்ணும் இல்லமா, காலைல பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். விடிவதற்குள் குட்டி ரத்தமாகப் பேதி போய்த் துவண்டுவிட்டது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்ச் சேர்ந்தது. தடுப்பூசி போடாத குட்டி.

அன்று மதியம் அவர் தங்கமணி வீட்டு வாசலில் நின்று, "எத்தினி மணிக்கு ரெண்டாவது வாட்டி எடுத்துச்சுமா? அப்போ ரத்தம் இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"செத்ததுக்கு அப்பால இன்னா பாய் கேள்வி? நீங்க ஒண்ணும் இல்லனு சொல்லலனா நான் ராத்திரியே தூக்கினு போயிருப்பேனே!" என்று அவள் கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அதன்பிறகு குட்டி என்று யார் வந்தாலும், "குட்டினா என்னாண்ட கேக்காதீங்க. நேரா ஊசி போடற எடத்துக்குப் போங்க" என்று எதையும் பார்க்காமலே அனுப்பிவிடுவார். தங்கமணி வெகுநாள் அவரோடு பேசவில்லை. அவர் அந்தச் சந்து வழியாக வண்டியை விடுவதையும் நிறுத்திவிட்டார்.

இதற்கெல்லாம் நடுவில் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அதுதான் என்னை மாட்டிவிட்டது.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை. பள்ளிக்கூட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கடை வாசலில் கூட்டம். பன்னு வெளியே போய்விட்டு வந்து மேஜைக்கு அடியில் கக்கியது. எட்டிப் பார்த்தேன். மஞ்சளும் நுரையும்தான் கண்ணில் பட்டது. 'பித்தம்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு பழைய பேப்பரை அதன்மேல் போட்டுவிட்டு நகல் எடுக்கப் போய்விட்டேன். மறுபடி கக்கியது. இன்னொரு பேப்பரைப் போட்டேன். என்ன தின்றது என்று நான் யோசிக்கவே இல்லை.

அரை மணி நேரம் கழித்துப் பாய் வேகமாக வண்டியை மிதித்துக்கொண்டு வந்தார். நிறுத்தும்போதே, "பன்னு எங்க?" என்றார். கரையில் இரண்டு நாய்கள் விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மேஜைக்கு அடியில் குனிந்து, பேப்பரை விலக்கி, குச்சியால் கிளறினார். நுரைக்குள் வெள்ளைத் தோல் ஒரு துண்டு. அதில் பொடிப் பொடியாக முள்.

"பேத்த" என்றார்.

தொட்டால் பந்து மாதிரி ஊதிக்கொள்கிற விஷ மீன். வலையில் மாட்டினால் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள்; மணலிலேயே எறிந்துவிடுவார்கள். அன்று ஒரு வலை நிறைய அதுதான் வந்திருக்கிறது. பசியோடு இருந்த நாய்கள் வாய் வைத்துவிட்டன.

"பன்னு, எந்திரி" என்றேன். முன்னங்கால் எழுந்தது. பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி இழுபட்டன. நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் விட்டு, எச்சில் ஒழுகிக்கொண்டிருந்த பன்னுவை அப்படியே வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். "ஆட்டோவ நிறுத்து" என்று டீக்கடைக்காரரிடம் கத்தினார். ஐஸ் வண்டி ஐஸோடு தெருவிலேயே நின்றது.

பொன்னேரி வரைக்கும் பன்னுவின் தலை அவர் மடியில்தான். எச்சில் தொண்டைக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடாமல் தலையைச் சரித்துப் பிடித்து, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டாலேயே வாயைத் துடைத்துத் துடைத்து விட்டார். கைலி நனைந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை மூச்சு நின்ற மாதிரி இருந்தது. அவர் பன்னுவின் நெஞ்சில் கையை வைத்து, "வருது, வருது" என்றார். எனக்குச் சொன்னாரா, அதற்குச் சொன்னாரா, தெரியவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பார்த்தவுடன் புரிந்துகொண்டார். "இதுக்கு மாற்று மருந்து கிடையாதும்மா. விஷம் இறங்கற வரைக்கும் மூச்சு நிக்காம பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லி ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார். மூச்சு தளரும்போதெல்லாம் முகத்தில் ரப்பர் குடுவையை வைத்து அமுக்கிக் காற்றை ஊதினார். பாய் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை மாற்றித் தருகிறேன் என்றேன். தரவில்லை.

மதியத் தொழுகை நேரம் தாண்டியது. மூன்று மணிக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. ஐந்து மணிக்குப் பன்னு தலையைத் தூக்கி, எங்களைப் பார்த்து, வால் நுனியை மட்டும் தரையில் தட்டியது.

டாக்டரம்மா, "நிறைய வாந்தி எடுத்துடுச்சு, அதனாலதான் தப்பிச்சுது. உள்ளயே தங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார்.

பேத்தையைக் கண்டதிலிருந்து பாய்க்கு முதல் கேள்வி அப்போதுதான் வந்தது. "அப்போ வாந்தி நல்லதுங்களாமா? நாம நிறுத்தியிருந்தா தப்பா பூட்டிருக்குமா? எந்த விஷத்துக்கு எடுக்க வுடணும், எதுக்கு வுடக் கூடாது?" டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே பதில் சொல்லச் சொல்ல, இவர் பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் வளாகத்துக் குழாயடியில் உட்கார்ந்தார். மரத்தடி மண்ணை அள்ளிக் கைகளிலும் முன்னங்கையிலும் தேய்த்து ஒரு தடவை. பிறகு தண்ணீரால் ஆறு தடவை, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழுவினார். துண்டையும், சட்டையிலும் கைலியிலும் எச்சில் பட்ட இடங்களையும் அப்படியே அலசினார். மாட்டைக் கொண்டுவந்திருந்த ஒருவர் வேடிக்கை பார்த்தார். எனக்கு மனசு உறுத்தியது.

"என்னால உங்களுக்கு எவ்ளோ கஷ்டம் பாய்."

"இன்னா கஷ்டம்? தண்ணி இருக்குது, மண்ணு இருக்குது. கழுவுனா பூடும்."

ஆட்டோவில் திரும்பும்போது பன்னு இருவருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது அவர் பழையபடி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தார். "நான் அரை மணி நேரம் சும்மா இருந்துட்டேன் பாய். பேப்பர போட்டு மூடிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "நான் அந்தப் பொண்ணு குட்டிய ஒரு ராத்திரி முழுக்க வுட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் அந்தச் சந்துல போவ முடியல" என்றார். அதைத் தவிர அந்தக் குட்டியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

வெகுநாளாக மனதில் இருந்ததை அப்போது கேட்டேன். நாயே வளர்க்காதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"படகு வர்ற வரைக்கும் கரையில உக்காந்துகினே இருக்கணும் தங்கச்சி. எல்லாரும் கடல பார்ப்பாங்க. எனக்கு கடல பார்த்தா தூக்கம் வந்துடும். அதான் நாயிங்கள பார்ப்பேன். எது இன்னா துன்னுது, எது கக்குது, எது மறுநாள் வருது, எது வரல. முப்பது வருசமா பார்க்கறேன்." அவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக ஏதோ காரணம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

கரையில் விழுந்த இரண்டு நாய்களும் அன்றே செத்துவிட்டன. மறுநாளிலிருந்து பாய் படகு படகாகப் போய், பேத்தையை மணலில் எறியாதீர்கள், குழி தோண்டி வைக்கிறேன், அதில் போடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். சவுக்குத் தோப்பு ஓரத்தில் இடுப்பளவு குழியை அவரே தோண்டினார். "ஐஸு போட்டது போதும்னு நாயிக்கு டாக்டராயிட்டாரு பாய்" என்று படகுக்காரர் ஏழுமலை கேலி செய்தார். வலை பிரிக்கிற அவசரத்தில் யார் குழி வரைக்கும் நடப்பார்கள்? முதல் வாரம் முழுக்க பாயே மணலில் கிடந்ததைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் போட்டார்.

பன்னு நன்றாகத் தேறிய பிறகு, ஒரு காலை நான் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனேன். ஏழுமலையின் படகு வந்திருந்தது. அவர் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி குழிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். கூடையில் ஏழெட்டு பேத்தை. குழிக்கு அருகில் தங்கமணி மண்வெட்டியோடு நின்றாள். அவள் புருஷனும் அந்தப் படகில்தான் போகிறான். ஏழுமலை கொட்டியதும் அவள் மண்ணைத் தள்ளி மூடினாள். பாய் கொஞ்சம் தள்ளி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இவர்கள் யாரையும் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போனதும் வாயில் விரலை வைத்து, பேசாதே என்றார். கூடையிலிருந்து தவறி விழுந்த ஒரு பேத்தை மணலில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு காக்கா. அது மீனை அலகால் புரட்டிப் போட்டது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, இன்னொரு தடவை புரட்டியது, பிறகு தொடாமல் பறந்துபோனது.

"மூணு நாளா பார்க்கறேன்" என்றார் பாய். கண் இரண்டும் விரிந்திருந்தன. "ஒரு காக்கா கூட வாய் வெக்கல. நாயிக்கு மூக்கு இருக்குது, ஆனா தெரியல. இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"பாய், ஐஸு கரையுது!" என்று ஏலக் கொட்டகையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"இருப்பா" என்றார் திரும்பாமலே. அடுத்த காக்கா வந்து இறங்கியிருந்தது.